முழுகிய அல்பாக்காக்கள்

என் கணவர் கிருபானந்தன் மொன்றியல் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கொள்கலன் லொறி ஓட்டியவர். ஐம்பத்து நான்காவது வயதில் அவருக்கு ஞானம் பிறந்தது. மற்றவர்களுக்கு ஞானம் பிறந்தால் காசிக்குப் போவார்கள். இவர் வேலையை விட்டுவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து ஆறு அல்பாக்கா வாங்கினார்.

அல்பாக்கா என்பது ஒட்டகத்தின் ஒன்றுவிட்ட சகோதரம். கழுத்து நீளம், புத்தி கட்டை, மேலே மட்டும் நல்ல மெல்லிய கம்பளி. வருடத்தில் ஒரு முறை அதைக் கத்தரித்து விற்கலாமாம். என்னை முப்பது வருடமாக "நீர்" என்று கூப்பிடுகிற மனிதர் அதுகளை "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று உபசரிப்பார். நகரத்தில் எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டில் எனக்கு ஒரு நாளும் தேத்தண்ணீர் ஊற்றித் தராத கை, அங்கே வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது.

கோயிலில் இதைச் சொல்லிச் சொல்லியே நான் பெரிய ஆளாகிவிட்டேன். பூசை முடிந்ததும் தாட்சாயினி, இந்தக் கிழமை ஒட்டகம் என்ன செய்தது என்று தொடங்கிவைப்பாள். அன்னதானத்துக்கு நிற்காத சனமும் அதைக் கேட்க நின்றது.

மாசிப் பனியில் அவரிடம் ஒரு வாக்கு வாங்கினேன். இந்த வருடம் கம்பளி சரிவராவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு லொறிக்கே திரும்ப வேண்டும். அவர் சம்மதித்தார். நான் சித்திரையிலிருந்தே நாள் எண்ணத் தொடங்கினேன்.

கம்பளி கத்தரிப்பவர் பண்ணை பண்ணையாகப் போகிற ஒரு கியூபெக்காரர். எங்கள் முறை ஜூன் முதல் சனிக்கிழமை. அன்று காலை அவருக்குக் கோப்பி வாங்க இவர் கடைக்குப் போனார். நான் அதுகளைப் பார்த்தேன். முதுகு முழுக்க வைக்கோலும் புழுதியும். வெளியாள் வருகிற நேரம், நல்ல காரியம் நடக்கிற நாள், இப்படியா நிற்பது? நல்ல காரியத்துக்கு முழுகாமல் போகிற குடும்பமா நாங்கள்? ஹோஸ் பைப்பை இழுத்து, ஆறு பேருக்கும் ஷாம்பூ போட்டு முழுக வார்த்தேன். கறுப்பன் ஒருவன் என் முகத்தில் பச்சையாகத் துப்பினான். அங்கே அவனுக்கு மட்டும்தான் விஷயம் தெரிந்திருக்கிறது.

கத்தரிப்பவர் வந்து ஒன்றின் முதுகில் கை வைத்தார். கை நனைந்தது. ஈரக் கம்பளியில் கத்தி ஓடாது, வெட்டினாலும் மூட்டைக்குள் அழுகிவிடும் என்றார். எங்கள் முறை இனி ஆடியில்தான் வருமாம். அதுவரைக்கும் இந்த உடுப்போடு வெயிலில் நின்றால் அதுகள் சுருண்டு விழும் என்றும் சொன்னார். எந்த மேதாவி குளிப்பாட்டியது என்று கேட்டார்.

ஷாம்பூப் போத்தல் என் கையில் இருந்தது. கோப்பியோடு வந்து நின்ற இவர் அதைப் பார்த்தார். பிறகு, தான்தான் என்று பிரெஞ்சில் சொன்னார். அந்த மனிதர் இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாமான்களைக் கட்டினார்.

"சொன்ன சொல் சொன்னதுதான். திங்கக்கிழமை துறைமுகத்துக்கு போன் எடுக்கிறன்," என்றார் இவர். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீர் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. நான் நேர்த்திக்கடன் வைத்துக் கேட்டது கையில் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

புறப்பட்ட கத்தரிப்பவரின் வான் வண்டிக்குப் பின்னால் ஓடினேன். நான் வேலை செய்கிற புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டே கற்ற பிரெஞ்சு முழுவதையும் கொட்டினேன். குளிப்பாட்டிய மேதாவி நான்தான், என் கணவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்றேன். அந்த மனிதர் சிரிப்பை நிறுத்தினார். நாளை மாலை இதே வழியால்தான் திரும்புகிறேன், ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் இறங்க மாட்டேன் என்றார்.

ஞாயிறு காலை தாட்சாயினி போன் எடுத்து, ஏன் கோயிலுக்கு வரவில்லை, ஒட்டகம் என்ன செய்தது என்று கேட்டாள்.

"ஒட்டகம் ஒண்டும் செய்யேல்லை, தாட்சாயினி. முழுக்க நான் செய்தது. எல்லாருக்கும் அப்பிடியே சொல்லும்," என்றேன்.

அதற்குமேல் கதைக்க நேரமில்லை. தலை காய வைக்கிற மெஷின் ஒரு கையிலும் சீப்பு மறு கையிலுமாக நான் நான்காவது முதுகுக்கு வந்திருந்தேன். இவர் மின்விசிறியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்.

ஐந்து மணிக்கு வான் வந்தது. கத்தரிப்பவர் ஆறு முதுகையும் தடவிப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார். முதல் ஆள் கறுப்பன். பிடித்துக்கொண்டு நின்ற என் முகத்தில் திரும்பவும் துப்பினான்.

நான் துடைக்கவில்லை. "துப்புங்கோ," என்றேன். "உங்களுக்கு உரிமை இருக்கு."