முன்தலையில் ஒரு முதுகு

சோற்றில் தண்ணீர் கூடியதற்கும், மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கும், சீட்டாட்டத்தில் தோற்ற பணத்துக்கும் சாங்ஃபாவும் யின்ஹுவாவும் சண்டை போட்டிருக்கிறார்கள். படகில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு மட்டும் போட்டதில்லை. வலையோடு அவன் முன்தலையில், சுக்கானோடு அவள் பின்தலையில். சீனாவில் துங்திங் ஏரி யாங்சி ஆற்றில் கலக்கும் அந்தக் கரையில் எல்லாக் குடும்பத்திலும் அதுதான் வழக்கம். புருஷன் வலை வீசுவான், பெண்டாட்டி ஓட்டுவாள். அவன் தண்ணீரைப் பார்த்தபடியும் அவள் அவன் முதுகைப் பார்த்தபடியும் முப்பது வருடம் ஓடிப் போயிருந்தது.

அப்புறம் தடை வந்தது. ஆற்றிலும் ஏரியிலும் பத்து வருடத்துக்கு யாரும் மீன் பிடிக்கக்கூடாது. படகுகளைக் கரையில் வரிசையாக நிறுத்தச் சொல்லி, எடை போட்டு, இழப்பீடு எழுதி, இரும்பு நகம் வைத்த இயந்திரத்தால் நொறுக்கினார்கள். தன் படகின் முறை வந்தபோது சாங்ஃபா சிகரெட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். யின்ஹுவாதான் கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள். திரும்பி வந்தவனிடம், சிகரெட் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

தடை தப்பு என்று அவனால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை. கடைசி வருடங்களில் ஆற்றில் என்ன இருந்தது? வருடத்துக்கு வருடம் வலைக்கண் சிறுத்துக்கொண்டே போனது. விரல் நீள மீனைக்கூட விடாமல் அள்ளினார்கள், அவனும்தான் அள்ளினான். காற்று வரப்போகிறது என்றால் முன்கூட்டியே கூட்டமாகத் தலை தூக்கிச் சொல்லும் ஆற்றுப்பன்றிகள், அதாவது அந்த ஊர் ஓங்கில்கள், கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. ஆனாலும் டீக்கடையில் வாய் சும்மா இருக்குமா?

"மீனுக்குப் பத்து வருசம் லீவு விட்டாச்சு. சரி, நல்லது. மீன் புடிச்சவனுக்கு என்னய்யா விட்டீங்க?" என்று அவன் கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

குடியிருக்க ஐந்தாவது மாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவரைத் தட்டினால் வெளிச்சம். குறை சொல்ல வழியில்லாத வீடு என்பதால் யின்ஹுவாவுக்குக் கோபம் இன்னும் அதிகம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் கிண்ணத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். "உன் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்துப் பழக்கமில்லய்யா" என்பாள். அவன் வீம்புக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிடுவான். அப்போதுதான் அவள் நிம்மதியாக இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வாள்.

இழப்பீட்டுப் பணம் மகள் கல்யாணத்தோடு தீர்ந்தது. யின்ஹுவா ஆற்றங்கரை உணவுக்கடை ஒன்றின் பின்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். குளத்தில் வளர்க்கிற, கொடுக்கு வைத்த சிவப்பு இறாலைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவும் வேலை. சாயங்காலம் வரும்போது அவள் விரல்கள் வீங்கியிருக்கும். அந்த ஒரு சம்பளத்தில் இரண்டு பேர் காலம் தள்ள முடியாது. தெற்கே தொங்குவானில் ஒரு செருப்பு ஆலையில் காவலாள் வேலை இருப்பதாக மருமகன் சொன்னான். ஆண்கள் விடுதியில் படுக்கை உண்டு, பெண்டாட்டிக்கு இடமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, புத்தாண்டுக்கு ஊருக்கு வரலாம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட இருவரும் பிரிந்து படுத்ததில்லை. மருமகனுக்குச் சொல்ல வேண்டிய பதில் வாரக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனது.

அந்தச் சமயத்தில்தான் மீன்வள நிலையத்தில் ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. திருட்டு வலை போடுகிறவர்களைப் பிடிக்க ஒரு ரோந்துப் படகு. அதற்குப் பழைய மீனவர்களிலிருந்தே இரண்டு பேர். முன்னால் உட்கார்ந்து வலையைத் தேடிப் பிடிப்பதற்கு அதே கரை மீனவன் குவாங்கை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். அவன் தூண் மாதிரி ஆள். அவன் ஒரு பார்வை பார்த்தாலே பாதித் திருடர்கள் ஓடிவிடுவார்கள். படகு ஓட்டுவதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது.

சாங்ஃபா அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டு உணவுக்கடைப் பின்கட்டுக்கு வந்தான். யின்ஹுவா இறாலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஓட்டுறதுக்கா?"

"பின்ன? படகு யார் பேருல இருந்துச்சு?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்புறம் இன்னொரு இறாலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பது வருடமாக முன்தலையிலிருந்து "இடது", "வலது", "மெதுவா" என்று கத்தியவன் அவன்தான். படகும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியென்றால் ஓட்டியது தான்தான் என்று அவன் மனதார நம்பியிருந்தான். பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை.

படகு ஓட்டிக் காட்டும் சோதனை நடந்த காலையில் கரை நிறையக் கூட்டம். நிலையத் தலைவர் ஷியோங் சின்ன வயது, எல்லோரையும் அண்ணே, அண்ணி என்றுதான் கூப்பிடுவார். புதுப் படகு வெள்ளை வெளேரென்று நின்றது. சாங்ஃபா உள்ளே ஏறி, சுக்கானைப் பிடித்து, பழக்க தோஷத்தில் கண்ணைத் தண்ணீரின் மேல்தோலில் வைத்தான். ஒரு பெரிய கெண்டை துள்ளியது. அடேயப்பா, எவ்வளவு காலமாயிற்று அந்த அளவு மீனைப் பார்த்து! அதன் பக்கத்திலேயே இன்னொன்று. அவன் உடம்பு தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது, கையும் கூடவே சாய்ந்தது. மேலே மீன் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கீழே மண் இருப்பதைப் படிக்கத் தெரியவில்லை. உணவுக்கடைக்கு நேர் எதிரே இருந்த மணல்திட்டில் படகு வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறி நின்றது.

கரையில் சிரிப்பு அலை அலையாக எழுந்தது. குவாங் மூச்சு விடாமல் சிரித்தான். சாங்ஃபா பின்னால் திரும்பி, "என்ன புள்ள இப்படி…" என்று ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை, சுக்கானைப் பிடித்திருந்தது அவனேதான். அந்த நிமிடம் அவன் முகம் போன போக்கைக் கடையின் பின்படிக்கட்டில் கையில் பிரஷ்ஷோடு நின்றிருந்த யின்ஹுவா பார்த்தாள். ஊரே சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் கரையோரமாகவே வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவன்தான் கேட்டான்.

"நான் இடதுன்னு சொன்னா நீ இடது பக்கம்தான புள்ள திருப்புவ?"

"திருப்புவேன்."

"எப்பவும்?"

"நீ சொன்னது சரியா இருந்தா."

அவன் நின்றுவிட்டான். "எத்தனை தடவ சரியா இருந்துச்சு?"

யின்ஹுவா கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசித்ததுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

"வலை நல்லா வீசுவய்யா நீ" என்றாள். "இந்தக் கரையில உன்ன மாதிரி வட்டமா விரிக்கிறவன் எவனும் கெடயாது. அதப் பாத்துதான் ஒன்னக் கட்டிக்கிட்டேன். எடது வலது தெரியுமான்னு அப்ப கேக்கத் தோணல."

சாங்ஃபாவுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, பிறகு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். அவளும் சிரித்தாள். வீட்டுப் படியேறும்போது மூன்றாவது மாடியில் அவன் சிரிப்பு நின்றது. படகு வேலை போய்விட்டதால் இனி தொங்குவானுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பது அங்கேதான் நினைவுக்கு வந்தது. மேல்மூச்சு வாங்க அங்கேயே உட்கார்ந்தான். அவள் படிக்கட்டுக் கைப்பிடியை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நிலையத்தின் கதவு திறக்கும்போதே அவன் அங்கே நின்றான். நேற்றைய சங்கதிக்கு ஷியோங் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். தான் ஒன்றும் செய்வதற்கில்லை, மேலே கேள்வி கேட்பார்கள் என்றார். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"தம்பி, லைசன்சு என் பேர்ல இருந்துச்சு. அது நெசம். ஆனா படகு அவ பேச்சத்தான் கேட்டுச்சு. நேத்து வரைக்கும் எனக்கே தெரியாது. வேலைய அவளுக்குக் குடுங்க."

ஷியோங் தலையைச் சொறிந்தார். மீனவர்களில் ஒருவர் என்றுதானே உத்தரவில் இருக்கிறது, ஆண் என்று இல்லையே என்று அவரே சொல்லிக்கொண்டார். இருந்தாலும் பெண்கள் யாரும் பெயர் கொடுக்கவில்லையே என்றார். அவர்களை யார் கேட்டது என்று சாங்ஃபா திருப்பிக் கேட்டான். ஷியோங் படகுச் சாவியை எடுத்தார்.

யின்ஹுவாவின் சோதனை ஒன்றும் கண்கொள்ளாக் காட்சி இல்லை. கைப்பிடிச் சுக்கானில் பழகியவளுக்கு வண்டிச் சக்கரம் மாதிரியான சுக்கான் புதுசு. புறப்படும்போதே தப்பான பக்கம் திருப்பி, கரையில் நின்ற வாத்துகளைச் சிதறடித்தாள். ஷியோங் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அவள் மூச்சை இழுத்து விட்டாள். காலைப் படகின் தரையில் பரப்பி வைத்து, அடியில் ஓடும் தண்ணீரின் கனத்தை உள்ளங்காலால் கேட்டபடி, மணல்திட்டை உரசாமல் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தினாள். இறங்கியதும் ஷியோங்கிடம் அவள் சொன்ன ஒரே குறை: "முன்னால ஆளு இல்லாம எனக்கு ஒரு மாதிரியா இருக்கு தம்பி."

வேலை அவளுக்குக் கிடைத்தது. உணவுக்கடையில் அவள் இடம் காலியானது. அந்த இடத்தைச் சாங்ஃபா கேட்டபோது கடைக்காரி முதலில் ஒப்பவில்லை. ஆம்பளை கழுவினால் இறாலில் அழுக்கு போகாது என்றாள். சாங்ஃபா ஒரு கூடையைக் கழுவிக் காட்டினான். வலைக்கண்ணில் சிக்கிய குஞ்சு மீனைச் செதில் உதிராமல் எடுத்த விரல்கள் அவை. கடைக்காரி அடுத்த கூடையை அவன் முன்னால் நகர்த்தினாள். தொங்குவான் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி அன்றைக்கே மருமகனுக்குச் சேதி போனது.

டீக்கடையில் கிண்டலுக்குக் குறைவில்லை. பெண்டாட்டி ஆற்றை ஆளுகிறாள், புருஷன் இறாலுக்குப் பல் தேய்த்து விடுகிறான் என்றார்கள். "ஆமா, என் வீட்டுல ஒருத்தி மீன் எண்ணிக்கைய ஏத்துறா, ஒருத்தன் குளத்து இறால எறக்குறான். கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று அவன் சொல்வான். உள்ளுக்குள் குத்தாமல் இல்லை. ஆனால் ராத்திரி திரும்பிப் படுத்தால் அவள் முதுகு தட்டுப்பட்டது. அதற்கு முன்னால் டீக்கடை என்ன பெரிய கோர்ட்டா?

வேலைக்குப் போன மூன்றாவது நாள் சாயங்காலமே யின்ஹுவா புகார் வைத்தாள். குவாங்கின் முதுகு ஆற்றையே மறைக்கிறதாம். அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்றும் தெரியவில்லையாம். "உன் தோளு ஒரு பக்கம் லேசா எறங்கும். மீன் அந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். நீ கத்துறது அப்புறந்தான். அவன் தோளு சுவரு மாதிரி அப்படியே கெடக்கு."

சாங்ஃபா சாப்பிடுவதை நிறுத்தினான். தன் கத்தலைக் கேட்காமலே முப்பது வருடம் அவள் எப்படிச் சரியாகப் போனாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

மறுநாள் மதியம் கடையின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து அவன் இறால் கழுவிக்கொண்டிருந்தான். மேற்கே ஆற்றின் நடுவில் கறுப்பாக ஏதோ எழுந்தது. ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒரு கூட்டமே. ஆற்றுப்பன்றிகள். வழுவழுவென்ற முதுகுகள் காற்று வரும் திசைக்குத் தலை வணங்கி வணங்கி முங்கின. அவன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு எழுந்தான். எத்தனை வருடம் ஆயிற்று! பெரிய காற்று வரப்போகிறது. அவள் எங்கே?

வளைவைத் தாண்டி ரோந்துப் படகு வந்தது. பின்னால் யின்ஹுவா நின்றபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். சாங்ஃபா அப்படியே நின்றுவிட்டான். அவள் படகு ஓட்டுவதை அவன் பார்த்ததே இல்லை, அவளுடைய சோதனை நாளில்கூடப் பயத்தில் கரைக்குப் போகவில்லை. முடி காற்றில் பறக்க, கண்ணைச் சுருக்கி, கீழுதட்டைப் பல்லால் லேசாகக் கடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை காலம் தன் முதுகுக்குப் பின்னால் இருந்தது இந்த முகமா? அழகாக இருந்தாள். ஐம்பது வயதில் இப்படி ஒருத்தியைப் புதிதாகப் பார்ப்போம் என்று அவன் நினைத்ததில்லை.

காற்று எழும்பிவிட்டது. மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய வழியில்தான் அவள் படகைக் கரை சேர்க்க வேண்டும். தண்ணீர் கலங்கி, திட்டு எங்கே என்று தெரியவில்லை. அவன் பழக்கத்தில் "எடது! எடது!" என்று கத்தினான். அவள் காதிலேயே வாங்கவில்லை. படகைத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டு, கரையில் நின்ற அவனைப் பார்த்தாள். ஒரு கையை வாயருகே குவித்தாள்.

"யோவ்! திரும்பி நில்லு!"

படகின் முன்னால் இருந்த குவாங் ஒன்றும் புரியாமல் விழித்தான். கடைக்காரியும் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். சாங்ஃபா மட்டும் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி, அன்றைக்குத் தான் தட்டி நின்ற திட்டை நினைவில் வைத்து, தண்ணீர் ஆழமாக இருக்கும் பக்கம் தோளைக் கொஞ்சம் இறக்கி நின்றான்.

பின்னால் எஞ்சின் சத்தம் ஒரே சீராக நெருங்கி வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.