துண்டுக்குள் மூன்றாவது கை

1.

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேர் ஒரு துண்டுக்கடியில் கைகளை விட்டுக்கொண்டு விலை பேசினார்கள். மாட்டுச் சந்தையில் இப்படித்தான் பேசுவார்கள். விற்பவர் விரலை வாங்குபவர் பிடித்து அமுக்குவார், அவர் மறுத்து வேறு விரலைக் கொடுப்பார். விலை என்னவென்று அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை.

ஆனால் பக்கத்தில் மாடு இல்லை.

கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால்கூடத் தேடினேன். சிமெண்ட் பெஞ்சில் ஒரு பெண் விளையாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். நான் பார்த்தது இத்தோடு முடிந்தது. மிச்சமெல்லாம் வடமாலைப்பேட்டை தாண்டுவதற்குள் நானே கட்டியது. தனியாகச் சிரித்துக்கொண்டு கட்டியதால் பக்கத்து சீட்டு அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

2.

தொடக்கங்கள்:

“உலகமயமாக்கலின் சூழலில் கால்பந்து என்பது…” வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

“சூரியன் நகரி மலைகளுக்குப் பின்னால் மெல்ல…” மலை அதன் பாட்டுக்கு இருக்கட்டும்.

“தனசேகர் நகரியில் விசைத்தறிக் கொட்டகை வைத்திருக்கிறார். அதற்கு முன் மாட்டுத் தரகு பார்த்தவர். பெண்கள் கால்பந்து அணி ஒன்றும் அவருக்கு உண்டு: நகரி தறி எஃப்.சி.”

ஆ, இது ஓடும்.

எதிரில் நிற்பவர் ஹரிபிரசாத். திருப்பதியில் லாட்ஜ் முதலாளி, ஏழுமலை எஃப்.சி.யும் அவருடையதுதான். பேச்சில் பாதி தெலுங்கு. பஜ்ஜி தின்றவள் யாமினி. தனசேகரின் தறியில் வேலை, தனசேகரின் அணியில் கோல்கீப்பர். ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் இறுதி ஆட்டம். மோதப்போவது இதே இரண்டு அணிகள்தான். அதற்கு முதல் நாள் யாமினியை விற்கிறார்கள்.*

* நடக்குமா என்று கேட்காதீர்கள். வெளிநாட்டு கிளப் முதலாளிகள் கோட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஆள் வாங்கி விற்கும் கெடு முடிகிற கடைசி மணிவரை இதைத்தான் செய்கிறார்கள். முழங்கால், நுரையீரல் எல்லாம் பார்க்கிறார்கள். பல்லைப் பார்ப்பதில்லை. துண்டும் இல்லை.

3.

இங்கே கன்னையா என்று ஒரு பயிற்சியாளரைக் கொண்டுவந்திருந்தேன். கழுத்தில் விசில், கண்ணில் நீர். மூன்று பத்தி அழுதார். கதைக்குத் தேவையில்லை என்று தோன்றியது, வெளியே அனுப்பிவிட்டேன். (போகும்போது, “என்ன ஒரு வார்த்த கேக்கலியேம்மா” என்றார். நான் காதில் வாங்கவில்லை.)

4.

ஹரிபிரசாத் மனிதர்களை அறைகளாகப் பார்க்கிறவர். ஃபார்வர்டு என்றால் ஏ.சி. டீலக்ஸ், டிஃபெண்டர் என்றால் நான்-ஏ.சி. கீப்பர் கிட்டத்தட்ட வாட்ச்மேன். தனசேகர் மனிதர்களை எப்படிப் பார்க்கிறார் என்று சொல்லவே வேண்டாம். யாமினியை நடக்கவிட்டுக் காட்டினார்.

“நட பாக்கலாம். ஆங், திரும்பு. பாத்தியா நைனா, கால்ல ஒரு பழுது இல்ல.”

“அண்ணா, அம்மாயி கால் எனக்கு எதுக்கு? நான் ஆட வெக்கப் போறதில்ல. பெஞ்சில உக்கார வெச்சா சாலு” என்றார் ஹரிபிரசாத். “சீசன்ல ரூம் காலியா இருந்தா கூடப் பூட்டி வெப்பேன். பக்கத்து லாட்ஜுக்குப் போவக் கூடாது, அந்தே.”

இதை எழுதும்போது சிரித்தேன். எழுதி முடித்ததும் கோபம் வந்தது. ஆட வைக்காமலிருப்பதற்காக ஒருத்தியை வாங்குகிற மூளையை எங்கே செய்து விற்கிறார்கள்?

துண்டு விழுந்தது. டீ ஆறுவதற்குள் கீப்பர் விலை படிந்துவிட்டது. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. துண்டைப் போட்டதே நான்தான், ஆனாலும் உள்ளே தெரியவில்லை.

5.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். தனசேகர் கெடுத்தார். யாமினியின் பையைத் திறந்து, கிளவுஸ் இரண்டையும் எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். விற்றவர் அவிழ்த்துக்கொள்வார், வாங்கியவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். கயிற்றோடு கொடுத்தால் கொட்டகையின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடுமாம்.

“கீப்பர் உன்னுது. கிளவுஸ் என்னுது.”

“அதெட்லா அண்ணா? கிளவுஸ் இல்லாம கீப்பரா? ரூம் குடுத்தா பூட்டு சேத்துக் குடுக்கறது இல்லியா?”

“கயிறு குடுக்கற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது.”

“அது என்னுது” என்றாள் யாமினி. “என் கூலில வாங்கனது.”

இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. துண்டு மறுபடி விழுந்தது. யாமினிக்கு ஒரு டீயில் முடிந்த பேரம் கிளவுஸுக்கு மூன்று டீ தாண்டியும் முடியவில்லை. ஹரிபிரசாத் இழுக்கிறார், தனசேகர் அமுக்குகிறார், துண்டு அலையாக ஆடுகிறது, கண்டக்டர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிவந்து பார்க்கிறார்கள். எனக்கோ கொண்டாட்டம். இன்னும் ஒரு பக்கம் இதை இழுக்கலாம் என்று

6.

“யக்கா.”

மேலே உள்ள வாக்கியத்தை நான் முடிக்காததற்கு இவள்தான் காரணம்.

“அவுங்க என்ன கேக்கல. செரி, மொதலாளிங்க. நீ கேட்டியா? செவனேன்னு பஜ்ஜி துன்னுக்கினு இருந்தவள இட்டாந்து கீப்பராக்கி, இப்ப வித்துக்கினும் இருக்க.”

“உனக்கு ஆட்டம் புடிக்காதா?”

“உயிரு. அது வேற. கேட்டியான்றேன்.”

பேனாவை வைத்துவிட்டேன். சுருக்கென்று இருந்தது.

“இப்ப கேக்கறேன் யாமினி. இன்னா வோணும் உனக்கு?”

“நாளைக்கு நகரி கோல்ல நிக்கணும். போன வருசம் சித்தூர்ல இதே ஏழுமலைக்காரிங்க அடிச்ச பால் என் காலு நடுவுல பூந்து போச்சு. ஊரே சிரிச்சுது. மறுபடி அவுங்க அடிக்கணும், நான் புடிக்கணும். அப்பறம் திருப்பதி இன்னா, தடா இன்னா, எங்க வேணா போறேன். நானா போவணும்.”

“அப்படியே எழுதிடறேன்.”

“நீ ஒண்ணும் எழுத வேணாம். அந்தத் துண்ட மட்டும் ஓரத்துல கொஞ்சம் தூக்கு.”

தூக்கினேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

7.

கிளவுஸ் இல்லாத கை உள்ளே போயிற்று.

“அம்மோ!” என்றார் ஹரிபிரசாத். “அண்ணா, கிளவுஸுக்கு இவ்ளோவா கேக்கற?”

“நான் எங்க கேட்டேன்? நீதான் என் விரல ஒடிக்கற!”

“நேனா?”

இருவரும் தங்கள் இடது கையைத் தூக்கிப் பார்த்தார்கள். இருந்தது. எதிராளியுடையதைப் பார்த்தார்கள். அதுவும் இருந்தது. பிறகு துண்டை மெதுவாகப் பார்த்தார்கள். அதற்குள் ஒரு கை அதிகமாக இருந்தது.

ஒரு சிக்கல் சொல்ல வேண்டும். விரல் பேச்சில் விலை மட்டும்தான் உண்டு. “நாளைக்கு நான் நிற்கணும்” என்பதற்கு அதில் விரல் கிடையாது. வேண்டாம் என்றால் கையை உருவிக்கொள்ளலாம், அவ்வளவுதான். யாமினி உருவவில்லை. கோல்கீப்பர் ஆயிற்றே. பிடித்தது பிடித்ததுதான்.

8.

முடிவு ஒன்று: இருவரும் மனம் திருந்தி அவளை… (இவர்களா? போங்கள்.)

முடிவு இரண்டு: சித்தூரில் கடைசி நிமிடம், ஏழுமலை ஃபார்வர்டு ஓங்கி அடிக்க, யாமினி வலது பக்கம் பாய்ந்து… எனக்கும் ஆசைதான். ஆனால் நான் எழுதிக் கொடுத்தால் அது அவள் பிடித்த பந்து ஆகாது.

முடிவு மூன்று உங்களுடையது. துண்டு இதோ, இந்தப் பத்தியின் மேலேயே கிடக்கிறது. கூச்சப்படாமல் கையை உள்ளே விடுங்கள். மோதிரம் தட்டுப்பட்டால் அது ஹரிபிரசாத், விட்டுவிடுங்கள். காய்த்துப்போன உள்ளங்கை தனசேகர், அதையும் விடுங்கள். பஜ்ஜி எண்ணெய் ஒட்டுகிற கை ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். விலை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் இழுக்கிற பக்கம் போங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். நான் அனுப்பிவிட்ட கன்னையா நடுவராகத் திரும்பி வந்திருக்கிறார். சித்தூர் மைதானத்தில் விசிலை வாயில் வைத்துவிட்டார். நகரி கோல் காலியாக இருக்கிறது.