நல்ல ரிசல்ட்

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் இது லேசுப்பட்ட செய்தி இல்லை. அவர் பேக்கரி மாஸ்டர். கேக் மாவை ருசி பார்க்கிறேன், க்ரீமை ருசி பார்க்கிறேன் என்று நாள் முழுக்க வாய் ஓயாது. அம்மா விடமாட்டாள். "ருசி பாக்கறதுன்னா விரல் நுனியில எடுக்கணும். கரண்டியில எடுத்தா அதுக்குப் பேரு சாப்பாடு" என்பாள். சாயங்காலம் ஆனால் அவரைத் தரதரவென்று இழுக்காத குறையாக நடக்கக் கூட்டிப்போவாள். அவர் பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். எடையும் இறங்கவில்லை, சர்க்கரையும் இறங்கவில்லை.

போன வருஷம் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். சர்க்கரைக்காரர் இருக்க, ஒரு வியாதியும் இல்லாதவள் போனாள். நினைத்தால் இப்போதும் யார் மேலாவது எரிந்து விழத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அப்பா தானாகவே நடந்தார். வீட்டில் உட்கார முடியாமல் நடந்தார். தொந்தி கரைந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். "இளைச்சு ஜம்முனு ஆயிட்டீங்க" என்று பார்க்கிறவர்கள் சொன்னார்கள். பேக்கரி முதலாளி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாஸ்டர் எதையும் வாயில வைக்கறதே இல்லம்மா" என்றார். வாயைக் கட்டக் கற்றுக்கொண்டார் என்று எனக்குச் சந்தோஷம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்து, "மூணு மாசச் சர்க்கரைச் சராசரி பிரமாதம்" என்றார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. டாக்டரம்மா அவருடைய தொடையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, கையை மார்புல கட்டிக்கிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திரிங்க."

மாவு மூட்டையைத் தோளில் தூக்கிய மனிதர். இரண்டு முறை முன்னால் சாய்ந்தார். எழ முடியவில்லை.

"கொழுப்பு மட்டுமில்ல, சதையும் கரைஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா என்னிடம். "சதைதான் சர்க்கரையைச் செலவு பண்ணும். இந்த வயசுல அது போனா கீழ விழுவார். நடந்தா மட்டும் போதாது. முட்டை, பருப்புன்னு வயிறாரச் சாப்பிடணும். உக்காந்து எழுந்து பழகணும். சாப்பிடாம இதே மாத்திரையைப் போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கி மயங்கிடுவார், அதைப் பாதியாக் குறைக்கறேன். எழும்போது பக்கத்துலயே நில்லுங்க, ஆனா கை கொடுக்காதீங்க."

வீட்டுக்கதவைத் திறக்கும்போது அப்பா சொன்னார்: "இந்த ரிசல்ட்டுக்காகத்தான் அவ தொண்டை கிழியக் கத்தினா. வந்திருச்சு. யாருகிட்ட கொண்டுபோய்க் காட்டறது?"

அழுதால் காரியம் கெடும் என்று அடுப்பில் முட்டையை வேக வைத்துவிட்டு, அவரைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"எழுந்திரிங்கப்பா."

முன்னால் சாய்ந்தார். பொத்தென்று மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை."

"எழுந்து எங்கம்மா போகப் போறேன்?"

"சமையலறைக்கு" என்றேன். "முட்டை வெந்திருக்கும். இறக்கி வைங்க."

என் முகத்தையே பார்த்தார். பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முழங்கால் வெடவெடக்கப் பாதி எழுந்தார். அதற்கு மேல் முடியவில்லை. கண் கலங்க என்னைப் பார்த்தார். நான் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டேன்.