கசற்றில் இருந்த ஊர்

கடற்கரை ஊரான தலவிலயில் கருவாடு போடும் பிலோமினாவுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, கப்பலில் வேலை செய்த அண்ணன் லிஸ்பனில் இருந்து ஒரு பாட்டுக் கசற் கொண்டுவந்தான். அதில் ஒரு பெண் போர்த்துக்கீச மொழியில் பாடினாள். பிலோமினாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் கடைசிப் பாட்டை நாடா அறும்வரை போட்டுக் கேட்டாள். அந்தக் குரல் பிறந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அப்போது வந்தது.

கலியாணமும் பிள்ளைகளும் வந்த பிறகும் அது போகவில்லை. அவளுக்கு ஐம்பத்தாறு வயதானபோது, இத்தாலியில் வேலை செய்யும் மகள் டெல்சி தன்னிடம் வரச்சொன்னாள்.

"லிஸ்பனுக்கும் கூட்டிக்கொண்டு போறதெண்டா வாறன்" என்றாள் பிலோமினா.

இருவரும் போனார்கள். அங்கே ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையில் ஓர் இளம்பெண் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் பிலோமினா எழுந்துபோய், கசற்றின் கடைசிப் பாட்டு மெட்டை அவளிடம் முணுமுணுத்துக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு அதையே முழுதாகப் பாடினாள். பரிமாறுகிறவர் பாட்டின் பொருளை டெல்சிக்கு இத்தாலி மொழியில் சொன்னார்.

"என்னவாம்?"

"மீன் விக்கிற பொம்பிளையின்ட பாட்டாம், அம்மா. மீன் மணக்குதெண்டு ஒருத்தரும் கிட்ட வாறதில்லையாம்."



"இதைக் கேக்கவா நான் நாப்பது வருஷம் காத்திருந்தன்?" என்றாள் பிலோமினா. பிறகு, "இன்னொருக்காப் பாடச் சொல்லு" என்றாள்.

அடுத்தநாள் கோட்டையைப் பார்க்கலாம் என்று டெல்சி சொன்னபோது, பிலோமினா மீன்சந்தைக்குப் போகவேண்டும் என்றாள். காலை முழுவதும் அங்கே நின்று, விற்கும் பெண்களின் முகங்களைப் பார்த்தாள்.