வட்டு எந்தப் பக்கம் திரும்பியது

1

காலையில் எழுந்தேன். காபி போட்டேன். முட்டை பொரித்தேன். வாசல் பனியை வாரித் தள்ளினேன். தாடியை மழிக்கவில்லை. பிளேஆஃப் எனும் இறுதிக்கட்ட ஹாக்கி ஆட்டங்கள் முடியும்வரை, மழித்தால் அணி தோற்றுவிடும் என்று எங்கள் ஊரில் எவனும் மழிக்கமாட்டான். அவை போன மாதமே முடிந்துவிட்டன. இந்தக் கதை அந்தத் தாடியில் தொடங்கியது.

2

முதல் வரி: ‘ஏழாவது ஆட்டத்தில் திறமை மிக்க அணியே’

(அடித்துவிட்டேன். லரிஸ்ஸா சிரிப்பாள்.)

லரிஸ்ஸா என் மனைவி, கணக்கு டீச்சர். பந்துக்குப் பதில் வட்டை அடித்து ஆடும் பனி ஹாக்கியில், அதிலும் பிளேஆஃபில், பாதிக்குமேல் அதிர்ஷ்டம்தான் என்பது அவள் கட்சி. ஊர் அணியில் தடுப்பாட்டம் ஆடும் அவள் தம்பி ஓரெஸ்ட் கொதிப்பான்.

“பல்லை உடைச்சுக்கிட்டு ஆடுறேன்க்கா. அதிர்ஷ்டங்கிற?”

“பல்லு உன் திறமை. வட்டு எவன் கால்ல பட்டு எங்க திரும்புதுங்கிறதும் உன் திறமையாடா?”

3

ஞாயிறு மதியம். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே ரேடியோ. ஏழாவது ஆட்டம், இரண்டு அணிக்கும் தலா மூன்று வெற்றி, தோற்றால் வீட்டுக்கு. சமநிலை. கூடுதல் நேரத்தில் முதல் கோல் போடுபவர்களுக்கே வெற்றி. அந்தக் கோல் விழுமுன் லரிஸ்ஸா போய்விட்டாள்.

கதையிலாவது அவளுக்கு முடிவு தெரியவேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முடிவு அ: ஓரெஸ்ட் அடித்த வட்டு கோல் கம்பத்தில் பட்டு உள்ளே விழுகிறது. லரிஸ்ஸா கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். (‘ஒரு விரக்கடை தள்ளிப் பட்டிருந்தா?’ என்பாள்.)

முடிவு ஆ: எதிரணி அடித்தது ஓரெஸ்டின் காலில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போகிறது. (நடந்தது இதுதான். அடக்கத்தன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “மச்சான், அக்கா சொன்னதுதான் சரி. நல்லவேளை, அவ கேக்கல. ஆயுசுக்கும் சொல்லிக்காட்டியிருப்பா.”)

முடிவு இ: அவளுக்கு அந்த நோயே

(இல்லை. துரதிர்ஷ்டம் என்றுதான் டாக்டரும் சொன்னார்.)

4

எந்த முடிவு வேண்டுமோ, நீங்களே அவளிடம் சொல்லுங்கள். என் வாயில் வரவில்லை.

நான் மாற்றாமல் விடுவது ஒன்றுதான். கூடுதல் நேரம் தொடங்கியது. அவள் தலையணையைச் சரிசெய்ய எழுந்தேன். சுண்டிவிட்ட காசுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று பத்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரு, லூசு. நீ எந்திரிச்சா நாம தோத்துருவோம்.”