கார்டுக்கு நாலு குடம் மழை

தொண்ணூற்றொன்பது சித்திரையில் என் கதை கம்ப்யூட்டரில் வந்தது. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் நடத்தும் இணையப் பத்திரிகை அது. “வேறெங்கும் வராத புதுக் கற்பனை வேண்டும்” என்று கேட்டிருந்தார். அருப்புக்கோட்டை வெயிலில் உட்கார்ந்து மழையை நினைப்பதைவிடப் பெரிய கற்பனை ஏது? மேகம் பிடிக்க இயந்திரம் வந்துவிடுகிறது. அரசாங்கம் மழையை ரேஷன் கடையில் அளந்து கொடுக்கிறது. இதுதான் கதை.

என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எடை போட முடியாத எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

“கம்ப்யூட்டருக்குள்ள போயி எவன் படிப்பான்? நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் படிச்சுட்டு வந்து உங்கதையப் பத்திக் கேக்கட்டும், நீ எழுது. ஆடி பொறக்குறவரைக்கும் பாப்போம். இல்லேன்னா இந்தக் கூத்தை விட்டுரு.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “சரி” என்றேன். வாய்க்கொழுப்பு! சொன்ன பிறகுதான் யோசித்தேன். எழுதாமல் என்னால் இருக்க முடியாது. டவுனில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் சென்டருக்கும் ஜாதகம் பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள்.

சென்டர் நடத்தும் பொன்ராஜ் கதையை மூன்று பக்கம் அச்சடித்துக் கொடுத்தான், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட தாளில். வீட்டுக்காரர் படிக்கட்டும் என்று கடை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவரோ முதல் பக்கத்தில் மல்லியும் மற்ற இரண்டில் சீரகமும் பொட்டலம் கட்டிவிட்டார்! “நல்ல கனமான தாளு” என்று வேறு சொன்னார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

மூன்றாம் நாள் நான் கடையில் இருந்தபோது, பாலவனத்தத்திலிருந்து பால்சாமி என்ற பெரியவர் வந்தார். பின்னால் ஆறு பேர், ஆளுக்கொரு ரேஷன் கார்டு. பெரியவர் கையில் மல்லி வாசத்தோடு என் முதல் பக்கம்! ஓட்டை போட்ட தாளில் வந்தால் அது அரசாங்கச் சங்கதி என்பது எங்கள் பக்கத்து முடிவு.

“அண்ணாச்சி, கார்டுக்கு நாலு கொடம் மழைன்னு போட்டுருக்கு. எந்தக் கடையில குடுக்காகன்னு போடலையே?”

“ஐயோ பெரியவரே, அது கதை. இந்தா நிக்கிறாளே, இவ எழுதுனது.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கார்டை மடியில் செருகிக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“கதையா? அது கெடக்கட்டும். கைப்பிள்ளையோட வரிசையில நின்னாளே, அவளுக்கு மழை கெடச்சுதா இல்லையா, தாயி?”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அவசரமாகத் தராசைத் துடைத்தார்.

ஏழு பேரையும் சென்டருக்குக் கூட்டிப்போய், கம்ப்யூட்டரைப் பார்த்து முழுக்கதையும் வாசித்தேன். முடித்ததும் பால்சாமி தொண்டையைச் செருமினார்.

“கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு கொடம் காணாது, தாயி. எங்க வீட்டுல ஒம்பது பேரு. ஆறாக்கச் சொல்லு.”

அச்சுப் பத்திரிகை என்றால் கையை விரித்திருப்பேன். இது கம்ப்யூட்டர். சிங்கப்பூருக்கு அப்போதே எழுதிப் போட்டேன்.

அடுத்த வாரம் எல்லோரும் திரும்ப வந்தார்கள். பொன்ராஜ் பக்கத்தைத் திறந்தான். கார்டுக்கு ஆறு குடம்!

“பாத்தீகளா? கேட்டாக் குடுக்கத்தான் செய்றாக!” என்று பால்சாமி கை தட்டினார். சென்டரே சிரித்தது.

பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு என் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

“ஏம்மா, நம்ம கார்டுக்கும் ஆறுதான?”