பெரிய உசுரு

தனலெட்சுமியின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்தார் டாக்டர் சவிரிமுத்து. பிள்ளையின் இதயம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து இதே கதைதான். தலை இடுப்பெலும்பில் சிக்கி நிற்கிறது. வயிற்றைக் கிழித்து எடுக்கப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஐம்பத்தேழாம் ஆண்டு மழையில் பதுளைப் பாதை மண்சரிந்து கிடக்க, அவளை ஏற்றிப்போன தேயிலைத் தோட்டத்து லொறி காலையில் அப்படியே திரும்பிவிட்டது.

இந்தத் தோட்ட ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளையின் தலையை உடைத்து வெளியே எடுத்தால் தாய் பிழைப்பாள். அதற்கான கருவியைக் கொதிநீரில் போட்டு எடுத்தும் வைத்தாயிற்று. ஆனால் சவிரிமுத்து யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். உயிருள்ள சிசுவைக் கொல்வது, தாயைக் காப்பாற்றவே என்றாலும், சாவான பாவம் என்று படித்து வளர்ந்தவர்.

வராந்தாவில் நனைந்த கம்பளியோடு அவள் புருஷன் வீரய்யா கைகட்டி நின்றான்.

"புள்ள போனாப் போவுதுங்க. பெரிய உசுர மட்டும் காப்பாத்திக் குடுத்துருங்க. லயத்து வீட்டுல மூணு சிறுசு கெடக்குதுங்க."

"பிள்ளைக்கு இன்னும் உயிர் இருக்கு, வீரய்யா. உயிரோட இருக்கிறதில நான் எப்பிடிக் கை வைக்கிறது? கொஞ்சம் பொறு."

எதுவரைக்கும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பிள்ளை சாகும்வரைக்கும் என்று சொல்லவேண்டி வந்திருக்கும்.

உள்ளே போய் ஜெபமாலையை எடுத்தார். ஊசிக்குழாயால் வயிற்றுக்குள்ளேயே தண்ணீர் விட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. அதற்கு மோட்சம் உறுதி. இனி அது தானாக அடங்கிவிட்டால் கருவியைத் தொடலாம், பாவமில்லை. சர்வேசுரா, சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினார். கையால் கொல்லக் கூசிய மனிதர், சாகச்சொல்லிக் கும்பிடக் கூசவில்லை. அது அவருக்கே உறைத்தபோது வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனாலும் மறுபடி குழலைத்தான் எடுத்தார்.

தனலெட்சுமி வீரிட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, முகம் தெளிந்து, "வலி நின்னுருச்சுங்கய்யா" என்றாள்.

வயிற்றில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. மன்றாட்டுப் பலித்துவிட்டது. கையால் தடவிப் பார்த்தார். கல்லாக இறுகிக் கிடந்த வயிறு தளர்ந்துபோய், பிள்ளையின் கால் தோலுக்கடியிலேயே தட்டுப்பட்டது. கர்ப்பப்பை கிழிந்துவிட்டது. உள்ளே பெருகும் இரத்தத்தை நிறுத்த இனி அந்தக் கருவியால் ஆகாது, அவராலும் ஆகாது.

"சாயத்தண்ணி குடிக்கணும் போல இருக்கு," என்றாள் அவள்.

வாசலில் நின்ற வீரய்யாவுக்கு அது கேட்டுவிட்டது. உள்ளே வந்து டாக்டரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க நல்லா இருக்கணும் சாமி," என்று சொல்லிவிட்டு, கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவர மழையில் லயத்தை நோக்கி ஓடினான்.